அவனும்

நேற்றிரவு கதைசொல்லி ஷுயே
பதினேழு பேரை ஒரே மூச்சில் கொன்றார்.
மேசையில் கட்டையைத் தட்டி,
தேநீரால் தொண்டை நனைத்து,
விரல் மடக்கி, ஒவ்வொருவராய்.
மதிலேறியவனுக்கு அம்பு.
பாலத்தில் நின்றவனுக்கு ஈட்டி.
சங்கிலி வீசுகிறவனுக்கு
ஒரு பாட்டே படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.
பிறகு, விரல் தீர்ந்துபோன கையோடு,
"கால்வாய் முகப்பில் கெங் லூவும் இறந்தான்."

அவ்வளவுதான்.
அந்த 'உம்'முக்குள் போட்டு மூடிவிட்டார்.

நான் யாங்ஜோ படித்துறையில்
உலர்ந்த இறால் விற்கிறவள்.
நாற்பத்தோரு இரவாக வருகிறேன்,
கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு.
"நாறுது, தள்ளி உட்காரு" என்பார்கள்.
தள்ளித்தான் உட்காருவேன், கதவோரம்.
வீரர்களின் கூடத்தில்
கெங் லூவுக்கும் கதவோர ஆசனம்தான்.
பனிக்காற்று உள்ளே வந்ததும்
முதலில் அவன் காதைத்தான் கடிக்கும்.

மற்றவர்களுக்கெல்லாம்
புலி, இடி, நாகம் என்று பட்டப்பெயர்.
இவன் அரைப்பலம்.
பாதி வலிமை என்று அர்த்தம் சொல்லிச்
சபை சிரித்தது.
அது எடைக்கல்லின் பெயர்.

அரசாங்க உப்புக் கிடங்கில் நிறுக்கிறவன்.
மழை மாதங்களில்
கோல் தாழ்ந்த பிறகும்
சுண்டுவிரலால் அரைப்பலம் தள்ளிவிடுவான்.
ஏனென்று ஷுயே சொல்லவில்லை.
எனக்குத் தெரியும். ஈர உப்பு கனக்கும்.
தண்ணீரையும் சேர்த்து விலைக்கு விற்க
அவன் கை வணங்கவில்லை.
மூன்றாம் மாதம் பிடித்துவிட்டார்கள்.
கன்னத்தில் எழுத்துக் குத்தி
வடக்கே நடக்கவிட்டார்கள்.
அவன் பாதி வழியில்
நாணல் பக்கம் திரும்பிவிட்டான்,
இடுப்பில் தராசுக்கோலோடு.

வாள் வராது.
ஏறின குதிரையிலிருந்து
ஏறின வேகத்தில் மறுபக்கம் விழுந்தான்.
ஆனால் கொள்ளை வந்திறங்கும் இரவுகளில்
புலியும் இடியும் வரிசையில் நின்றார்கள்
அவன் முன்னால், கையை நீட்டி.
தலைவனின் வெள்ளிக்கும்
கோல் ஒரு மயிரிழை சாயவில்லை.
செத்த துடுப்புக்காரனின் பங்கை வாங்க
அவன் பெண்சாதி வந்த அன்று மட்டும்
பழைய சுண்டுவிரல்
பழைய வேலையைச் செய்தது.
அந்த இரவுதான்
இவன் வீரன் என்று நான் ஒத்துக்கொண்டேன்.

பிறகு மஞ்சள் பட்டில் சுற்றி
மன்னிப்பு வந்தது.
நாலு ஜாடி மதுவும்.
இன்னொரு நதியின் கலகக்காரரை அடக்க
இந்த நதியின் கலகக்காரரை
அனுப்பினார்கள்.
குதிரை வராதவனுக்குப் படகு கொடுத்தார்கள்.
மிச்சத்தைத்தான் சொன்னேனே.

கூட்டம் கலைந்தது. மழை.
ஷுயே விசிறியை மடித்துக்கொண்டிருந்தார்.
"ஐயா, அந்தத் தராசு என்னாச்சு?"
"எந்தத் தராசு?"
"கெங் லூவோடது."
"யாரு?"
என்னையும் கூடையையும் பார்த்தார்.
"ஓ, அவனா. அவன் செத்துட்டானே."

சேற்றில் விழுந்திருக்கும்.
இல்லை, எவனாவது சிப்பாய் எடுத்துப்போய்
கோலை உடைத்து அடுப்பெரித்திருப்பான்.
பித்தளைக் குண்டு மட்டும்
எங்கோ ஒரு பிள்ளையின் கையில்
உருளுகிறதோ என்னவோ.

கிண்ணத்தில் இரண்டு காசு போடுவது வழக்கம்.
ஒன்று போட்டேன்.
கதவைத் தாண்டவில்லை, கூப்பிட்டார்:
"இறால்காரி, ஒன்னு குறையுது."

பதினேழு பிணத்தை
விரல் பிசகாமல் எண்ணிய மனுஷன்.
காசு கணக்கிலா தப்புவார்.