தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு

ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டுமாம்.
நூற்றுப் பதினேழு நாள்.
பேனா மூடியைக் கடித்தபடி வக்கீல் கேட்கிறார்:
முதல் நாள் எங்கே இருந்தாய்?

சித்தூர் ஜெயிலில், சார்.
புத்தூரில் அப்பீல் தள்ளுபடியான சாயங்காலமே
வேனில் ஏற்றிவிட்டார்கள்.

தீர்ப்பு நகல் தெலுங்கில் வந்தது.
தெலுங்கில் எனக்குச் சண்டை போட வரும்,
இரும்புக்கு விலை பேச வரும்,
தேசம்மாவைப் பெண் கேட்டதுகூடத் தெலுங்கில்தான்.
வாசிக்க மட்டும் வராது.
படித்துச் சொல்ல அடுத்த பாய்க்காரன்
ஒரு கட்டு பீடி கேட்டான்.
பீடி வந்து சேரப் பதினோரு நாள்.
எழுதிக்கொள்ளுங்கள்.

ஏகாம்பரகுப்பத்து வீட்டில்
ஜன்னல் கிராதியில் என் கைரேகை இருந்ததாம்.
இருக்கும், சார்.
திருட்டுக்கு ஒன்பது நாள் முன்னால்
அதை வளைத்து மாட்டியதே நான்.
மாங்காய் டிசைன், பன்னிரண்டு கம்பி,
கூலியில் எண்ணூறு பாக்கி.
நகரி கோர்ட்டில் சொன்னேன், புத்தூரிலும் சொன்னேன்.
ரசீது உண்டா என்றார்கள்.
பாக்கி வைத்தவன் எந்த ஊரில் ரசீது தருகிறான்?

என் ஷெட்டுக்குப் பின்னால் புதரில்
வெள்ளிக் குங்குமச்சிமிழ் எடுத்தார்களாம்.
பார்த்த சாட்சி இரண்டு பேர்.
இருவரும் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோகிறவர்கள்.

அதெல்லாம் இப்போது வேண்டாம், நாளைச் சொல்.

நாற்பது நாள்,
தேசம்மா தறிமுதலாளியிடம் முன்பணம் வாங்கி
வேறொரு வக்கீலிடம் கொடுத்து
அவர் போனை எடுக்காத நாட்கள்.
ஆதாரம்?
எடுக்காத போனுக்கு என்ன ஆதாரம்.

மிச்சம்?
ஒரு வாரம் மழை.
பிறகு, தெரியவில்லை சார்,
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அதைச் சொல்லாதே என்றார்.
விஷக்காய்ச்சல் என்று போட்டார்.
மனு முழுக்க அது ஒன்றுதான் பொய்.

அமராவதியிலிருந்து வந்தது உத்தரவு.
காய்ச்சலுக்குச் சான்றிதழ் இல்லை.
தள்ளுபடி.
கம்பியைப் பற்றி ஒரு சொல் கிடையாது,
நான் எடுத்தேனா இல்லையா என்றும்.

போன வாரம் ஜெயிலர் கூப்பிட்டார்.
சமையற்கட்டு ஜன்னலில் ஒட்டு விட்டிருக்கிறது,
நீ வெல்டர்தானே?

பற்றவைத்தேன். அரம் போட்டேன்.
இரும்பு ஆறும்வரை பக்கத்திலேயே நின்றேன்.
பிறகு சமையல்காரனிடம் ஈரத்துணி வாங்கி
ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தேன்,
மேலிருந்து கீழே,
யாரும் சொல்லாமல்.