ஏழாம் பத்தி

இத்தாலியில் இதன் பெயர் கப்பொராலி.
சிப்பாய்க்கு ஒரு படி மேலே இருப்பவனின்
சட்டைக்கையில் தைத்த கூர்ப்பட்டை.
« பேச்சைத் திறக்கும்.
» பேச்சை மூடும்.
இதுவரை குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் பேசுகிறவள் மூச்சு வாங்கி
அடுத்த பத்திக்குப் போனால்
அந்தப் பத்தியின் தலையில்
மூடும் குறியைத்தான் வைப்போம்.
அங்கே அதற்கு அர்த்தம்:
எழுந்திருக்காதே, இன்னும் முடியவில்லை.

திரியெஸ்தெயில் மார்ச் மாதம்.
போரா காற்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்க,
நான் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தேன்.
மத்தி மீன் ஆலைப் பெண்களின் வாய்மொழி.
அர்மிதா சுலியானி, பதினோரு பத்தி.

கணினிக்கு இந்த வழக்கம் பிடிக்காது.
பத்தித் தலையில் » வைத்தால்
எனக்கு உதவுவதாக நினைத்து « என்று திருப்பும்.
பத்து முறை திருப்பியது,
பத்து முறை திருப்பி வைத்தேன்.

தொகுப்பாசிரியர் ஸ்பிசாவும் கணினியின் கட்சி.
«குல்லாவைக் காலில் மாட்டிய மாதிரி இருக்கிறது.
ஒவ்வொரு பத்தியையும் மூடுங்கள், மறுபடி திறங்கள்.»
அப்படிச் செய்தால்
பதினோரு பெண்கள் பேசுவதாக ஆகும், ஐயா,
என்று எழுதினேன். கொஞ்சம் திமிராகத்தான்.

நான் படிப்பதில்லை. பார்ப்பேன்.
குறி, இடைவெளி, வரிக்கடைசியில் உடைந்த சொல்.
அன்று கண் தவறிப் படித்துவிட்டது:

«நாலரைக்குச் சங்கு. வலக்கையில் கத்தி, இடக்கையில் மீன்.
தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்.

»தெல்பேனே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைப்பான்.
எங்களில் யாரிடமும் கடிகாரம் இல்லை. பசி இருந்தது,
அது பிசகாது.

நாலு பத்தி தாண்டி, ஏழாவதில்:

»எனக்கு இடக்கைப் பழக்கம்.
பக்கத்துக்காரியின் முழங்கை இடிக்குமென்று
மேஜைக் கோடியில் நிறுத்தினார்கள்.
பத்து வருஷம் சுவரோடு பேசினேன்.

மேலே போனேன். வலக்கை.
கீழே வந்தேன். இடக்கை.
தேநீர் ஆறிப்போனது.

ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினேன்.
முப்பத்தோராம் நிமிடத்தில் கதவு.
கிண்ணம் தட்டில் உட்காரும் சத்தம்.
நாற்காலி இழுபடுகிறது.
அதன் பிறகு பேசுவது
சற்றுக் கரகரத்த, அவசரமான இன்னொரு தொண்டை.
எழுத்தாக்கியவர் ஜலதோஷம் என்று நினைத்தாரோ என்னவோ.

அர்மிதாவுக்குப் போன் செய்தேன்.
«ஓ, அது ஜிஸெல்லா. தம்பி பெண்டாட்டி.
காபி கொண்டு வந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை
அவள் பேசினாள். அதில் என்ன?

»இரு, இங்கேதான் இருக்கிறாள். அவளிடமே கேள்.»

போன் கை மாறியது.
இடக்கைக்குப் போயிருக்கும்.

«எனக்கு எத்தனை பத்தி?»
மூன்று.
«அவளுக்கு?»
எட்டு.
«எப்போதும் அப்படித்தான்» என்றாள் ஜிஸெல்லா,
தன் பெயருக்கு ஒரு 'எல்'லா இரண்டா என்பதை மட்டும்
இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆறாம் பத்தியின் கடைசியில் ஒரு » சேர்த்தேன்.
ஏழின் தலையில் இருந்ததைத் திருப்பினேன்.
கணினி இம்முறை சண்டைக்கு வரவில்லை.
ஒன்பதின் முடிவில் மூடினேன்,
பத்தில் அர்மிதாவைத் திறந்தேன்,
காபி குடித்தாயிற்று.

நடுவே பெயர் சொல்ல ஒரு வரி வேண்டியிருந்தது.
பக்கம் ஒரு வரி வழிந்தது.
சொல்லிடை வெளியை மயிரிழை குறைத்து
உள்ளே இழுத்தேன்.

ஸ்பிசாவுக்கு எழுதினேன்:
நீங்கள் சொன்னபடி பதினோரு பேர்.
நான் சொன்னபடி ஒருத்தி.
இருவருமே எண்ணவில்லை.

இரவு, அச்சுக்கு முன்,
சரிபார்க்கும் நிரல் கணக்கு நீட்டியது.
மூடியவை பதினொன்று: நேற்றும் அதே, இன்றும் அதே.
திறந்தவை மட்டும் ஒன்று, மூன்றாகியிருந்தது.
பொருந்தவில்லை என்று சிவப்பில் எழுதியது.

அப்படியே அனுப்பினேன்.