தீர்மானம் எண் ஒன்று

கட்டபெட்டு தாண்டி, மேடேறும் வளைவில்
எங்கள் ஊராட்சி அலுவலகம்.
இந்த வருஷம் ஒரு வேலைக்குத்தான் பணம்.

பச்சைத் தேயிலைக்கு விலை, என்றார் போஜன்.
அது நம் கையில் இல்லை என்றேன்.
அப்போ டாஸ்மாக்கை மூடு.
அதுவும் இல்லை.
ரோடு, என்றார்கள் ஜீப் வைத்திருப்பவர்கள்.
தண்ணீர், என்றது மேல் லைன்.
கீழ் லைனுக்குத் தண்ணீர் உண்டு; தெருவிளக்குதான் வேண்டும்.
எழுதினேன், அடித்தேன், எழுதினேன்.
மினிட் புத்தகம் பனியில் நமுத்தது.

ஐந்து மணிக்கு வாசலில் காட்டெருமை.
ஒற்றை. நகர்கிற மாதிரி இல்லை.
"அப்போ விளக்குக்கே முதலிடம்" என்று யாரோ சிரித்தார்கள்.

ஆறரை ஆயிற்று.
ஆண்கள் பின்கதவு வழியாக ஒவ்வொருவராய்
சுவரோரம் போய்த் திரும்பினார்கள்.
காலையிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்த புஷ்பராணி
முழங்கால்களை இறுக்கிக்கொண்டு
கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
அவளோடு இன்னும் ஏழு பெண்கள்.
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

பட்டியலில் பெண்கள் கழிப்பறை
பதினொன்று.
எண் போட்டது நான்தான்.

எருமை விலகியதும் எட்டுப் பேரும்
இருட்டுக்குள் ஓடினார்கள், கையெழுத்துப் போடாமல்.
கோரம் இல்லை. புதன்கிழமை மறுபடி கூட்டம்.

அதுவரை முதல் வரி காலி
என்றுதான் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன்.
எழுதிவிட்டேன்.
பென்சிலில்.