தகரம்

ஒரு வாசலுக்கு மூன்று தகரம், பன்னிரண்டு ஆணி.
அது கான்ட்ராக்டர் கணக்கு.
எனக்குக் கதவெல்லாம் ஒரே அளவு.

அந்த வெள்ளிக்கிழமை அயனாவரத்தில்
இரண்டாம் மாடி, ஆறாம் நம்பர் வீடு.
உள்ளே ஒரு பையன். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை,
ரிசல்ட் சீட்டில் மட்டும் ஒரு சொல்.
அவன் அம்மா கதவிடுக்கில் கேட்டாள்:
"தம்பி, பால் எப்படிப்பா வரும்?"
சுத்தியலை ஓங்கியபடி நின்றேன்.
ஆர்டரில் பாலைப் பற்றி ஒன்றும் இல்லை.

மூன்றாம் மாடியிலிருந்து கைலியோடு இறங்கினார்
புரசைவாக்கத்தில் ஃபேன் விற்கிற தணிகைவேல்.
"சளிய்யா இது. வருஷா வருஷம் வர்றதுதான்.
பேரை மாத்தி டிவில விக்கிறானுங்க.
புடுங்குய்யா ஆணியை."

"புடுங்கினா போலீஸுக்குப் போவேன்"
என்றார் கீழ் வீட்டு ஹேமாவதி டீச்சர்,
படி ஏறாமல், கைப்பிடியைத் தொடாமல்,
இரண்டு மாஸ்க், அதற்கு மேல் சேலைத் தலைப்பு.
"ஜன்னலுக்கும் அடிங்க. காத்துலதான் வருது."

அவர் தன் போனில் ஒரு டாக்டரைக் காட்டினார்.
டீச்சர் தன் போனில் வேறொரு டாக்டரை.
இரண்டு டாக்டர்களும்
புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து
ஒரே மாதிரி கையை ஆட்டினார்கள்.
"நீ சொல்லுப்பா, ஊரெல்லாம் சுத்தறியே."

ஊரெல்லாம் நான் பார்த்தது கதவு.
ஓட்டேரியில் அடித்த வீட்டுக்குள்
பதினாலு நாளும் கேரம்போர்டு சத்தம், சிரிப்பு.
அதே தெருவில் எட்டு வீடு தள்ளி
தகரத்தைப் பிரித்துவிட்டுக் காத்திருந்தேன்,
வெளியே வர ஆளில்லை.
இதில் எதைச் சொல்ல?
"எனக்குத் தகரத்துக்கு நாப்பது ரூபா" என்றேன்.
அப்போதுதான் முதல்முறையாக
இருவரும் ஒரே கட்சியாக நின்று
என்னைத் திட்டினார்கள்.

அடியில் நாலு விரல் இடைவெளி விட்டு அடித்தேன்.
பால் பாக்கெட் படுத்தவாக்கில் போகும்.
"நாலா? ரெண்டு போதும்."
"கதவையே தொறங்கறேன்!"
உள்ளேயிருந்து ஒரு கை வந்து
இடைவெளியை அளந்து பார்த்துவிட்டுத்
திரும்பிப் போனது.

அடுத்த கோடையில் எனக்கு சிலிண்டர் தூக்குகிற வேலை.
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை.
ஏழாவது வண்டியில் தணிகைவேல்.
வார்த்தைக்கு வார்த்தை மூச்சு பிடித்துக்கொண்டு
மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:
"பிரஷர்டா... இது வேற... அது இல்ல."
பிறகு சர்ட்டிஃபிகேட்டிலும்
ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார்களாம்.
அவர் ஜெயித்தாரா என்று
யாரிடம் கேட்பது.

டீச்சருக்கு ஒன்றும் வரவில்லை.
இன்னமும் ரூபாய் நோட்டைக் கழுவிக்
கொடியில் காயப்போடுகிறார் என்று
பால்காரன் சிரிக்கிறான்.
ஆறாம் நம்பர் பையனுக்கு
கேஸ் கசிந்தாலும் இன்றுவரை வாசம் தெரியாதாம்.
மற்றபடி நன்றாக இருக்கிறான். வண்டி வாங்கியிருக்கிறான்.

மிச்சத் தகரத்தைக் கான்ட்ராக்டர் எடைக்குப் போட்டபோது
எட்டு நான் எடுத்துக்கொண்டேன்.
ஜமாலியா பக்கம் என் மச்சான் டீக்கடைக்கு
அதுதான் கூரை.
துளைகளைத் தார் வைத்து அடை என்று
மூன்று மாதமாகச் சொல்கிறான்.

நேற்று மழை. பெஞ்சில் இருவர்.
"ஒண்ணுமே இல்லாததுக்கு ஊரையே பூட்டினானுங்க."
"எங்க சித்தப்பாவைப் பொட்டலமா குடுத்தானுங்கடா,
மூஞ்சிகூடப் பாக்கலை."
"அவருக்கு சுகர்டா."
"சுகர் பத்து வருஷமா இருந்துது."

பழைய ஆணித் துளை வழியாக
இருவருக்கும் நடுவில் சொட்டியது.
பேச்சை நிறுத்தாமல், மேலே பார்க்காமல்,
ஆளுக்கொரு பக்கம்
டம்ளரை நகர்த்திக்கொண்டார்கள்.