கறுப்பு ஒயர்

என் வண்டிக்குப் பேய்க்கான் என்று பெயர்.
எங்கள் மொழியில் அம்பு.
ஐம்பத்தைந்தாம் வருஷத்து மாடல், வெள்ளை.
செம்னான் தெருக்களில்
இதைவிட மெதுவான அம்பு கிடையாது.

மூன்று வாரமாய் இரண்டு முள்ளும் உச்சியில்.
டேங்க் நிறைந்திருக்கிறது என்றது ஒன்று.
எஞ்சின் கொதிக்கிறது என்றது மற்றது.
கொழுந்தன் பஹாதுர்
கொதிப்பதைப் பார்த்துப் பயந்தான்,
நிறைந்ததைப் பார்த்து நிம்மதியானான்.
தெர்மோஸ்டாட் மாற்றினோம்.
ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினோம்.
வாட்டர் பம்ப்புக்குப் போன பணத்தில்
மகளுக்கு ஒரு குளிர்கால ஷூ வாங்கியிருக்கலாம்.
முள் சிவப்பிலேயே நின்றது.
மூடியில் கை வைத்தால்
ஆறிப்போன தேநீரின் சூடு.

இன்றிரவு தற்செயலாய்க் கவனித்தேன்:
ஹெட்லைட் போட்டதும்
இரண்டும் சேர்ந்து இன்னும் ஒரு நூல் ஏறின.
இடது இண்டிகேட்டர் போட்டேன்.
டிக். டிக்.
பெட்ரோல் முள்ளும் கூடவே தலையாட்டியது.

இடப்பக்கம் திரும்புவதற்கும்
பெட்ரோலுக்கும் என்ன உறவு?

ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
மீட்டர் பெட்டியை வெளியே இழுத்தேன்.
விரல் முட்டி ஒன்று தோலுரிந்தது.
பச்சை ஒயரில் கரன்ட் இருந்தது.
இளம்பச்சையில்
நாடிபோல விட்டுவிட்டு வரவேண்டியது
மூச்சுவிடாமல் வந்துகொண்டிருந்தது.
டெஸ்ட் பல்பு கண் சிமிட்டவே இல்லை.

கடைசியில் கறுப்பு.
யாரும் சந்தேகப்படாத கறுப்பு.
இழுக்கவேயில்லை, தொட்டேன்,
கையோடு வந்துவிட்டது.
ஸ்க்ரூவின் தலையில் பச்சைக் களிம்பு.
வருகிற வழியெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது;
திரும்பிப் போக வழியில்லாமல்
கண்ட கண்ட விளக்கின் வாசலில்
நின்றிருக்கிறது பாவம்.

மகளின் நகம் தேய்க்கும் அரத்தால்
தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து
இறுக்கி முடுக்கினேன்.
சாவியைத் திருப்பினேன்.

சூட்டு முள் அவசரமில்லாமல் இறங்கி
அடிக்கோட்டில் அமர்ந்தது.
'அப்பாடா' என்றான் பஹாதுர்.
பெட்ரோல் முள்ளும் இறங்கியது.
பாதி.
கால்.
அவன் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுவந்தான்.
அது கால் தாண்டி, கோடு தாண்டி
ஓரத்துக் கம்பியில் தலைசாய்த்துப் படுத்துக்கொண்டது.

மணி பதினொன்றரை.
பங்க் நான்கு கிலோமீட்டர்,
மஷ்ஹத் சாலையில்.
'ஒருவேளை இதுவும் பொய்யோ?' என்றான்,
ஆசையாய்.

டேங்க் வாயில் ஒரு மாதுளைக் குச்சியை விட்டு
எடுத்துப் பார்த்தேன்.
நுனியில் வாசனை மட்டும் இருந்தது.
கேன் எங்கே என்று கேட்டேன்.