சி எண்டால் சீனி

இருநூற்று முப்பத்தெட்டு.
விசுவமடுவிலிருந்து தருமபுரம் ரியூசனுக்குச்
சோளகத்தை நெஞ்சால் தள்ளிக்கொண்டு
சைக்கிள் உழக்கிப் போய் இறங்கி
மதிற்கரையில் விரலைக் குத்திப் பார்த்தால்
நூற்று ஐம்பத்தொன்று.
மீற்றர் பழுதெண்டு நினைச்சன்.
இன்னொரு ஸ்ரிப் கிழிக்க மனம் வரேல்லை.
ஒரு ஸ்ரிப் எண்டது
அம்மா கோது உடைக்கிற இரண்டு கிலோ கச்சான்.

கிளினிக் கொப்பியில்
மருந்துப் பேர் எழுதுற இடத்தில் எழுதினன்:
காற்று.

அதுக்கு முதல் இரண்டு வருசம்
வேம்புக்குக் கீழே இருந்தனான்.
இருநூறு மீற்றரில் மயங்கி விழுந்த நாளிலிருந்து
விளையாட்டுப் பாடம் வந்தால்
என்ரை மடியில்
மற்றப் பிள்ளையளின்ரை தோடுகள்.
ஒன்பது சோடி.
எண்ணி எண்ணிக் காவல் இருப்பன்.
"பாவம், இருக்கட்டும்" எண்டு
ஒரு கதிரையும் தந்தவை.
கதிரையில் இருக்க இருக்க
எனக்குள்ளே எண்கள் ஏறினது
ஆருக்கும் கேட்கேல்லை.

யதுர்சிகாதான் வந்து கேட்டவள்:
"சென்ரருக்கு ஆளில்லை. வாறியோ?"
விழுந்தால்?
"தூக்குவம். நீ என்ன நெல்லு மூட்டையோ?"

கிளினிக்கில் கேட்டன், ஓடலாமோ எண்டு.
ஓடினது பிழையில்லையாம்,
பார்க்காமல் ஓடினதுதான் பிழையாம்.
ஊசிக் கணக்கையும் கொஞ்சம் மாத்தி எழுதிச்சினம்.
நூறுக்குக் கீழே நிண்டால் முதலில் பிஸ்கற்.
மிச்சம் ஏறிக் கிடந்தால்
அண்டைக்குத் தோட்டுக் காவல்தான்.
அந்த நாளில் மட்டும்.

நெஞ்சில் 'சி' போட்ட பட்டி கட்டினன்.
சி எண்டால் சீனி எண்டாள் ஒருத்தி.
எல்லாரும் சிரிச்சினம்.
நான் எல்லாரையும் விடக் கூடச் சிரிச்சன்,
மூச்சு முட்ட,
சிரிப்பும் ஒரு ஓட்டம்தானே.

முள்ளியவளையோடு மட்ச்.
மூன்றாம் கால்வாசியில்
வளையம் இரண்டாய்த் தெரிஞ்சுது.
விரல் நுனியில் எறும்பு.
முந்தி எண்டால் மறைச்சிருப்பன்.
கையைத் தூக்கினன்.
ரொபிப் பேணியைத் திறந்தால் வெறும் தாள்கள்.
யதுர்சிகா நிலத்தைப் பார்த்தாள்.
நேற்று மழைக்கு ஒதுங்கினபோது
எல்லாம் அவளின்ரை வயித்துக்குள்ளே!

மற்றப் பக்கத்துச் சென்ரர்,
முழங்கையால் என்னை இரண்டு தரம் இடிச்சவள்,
அரைப் போத்தல் சோடாவோடு ஓடி வந்தாள்.
"என்ரை சித்திக்கும் உதுதான். குடி" எண்டாள்.

பதினைஞ்சு நிமிசம்.
அதே மாதிரி ஒரு கதிரை,
ஆனால் பட்டியைக் கழட்டேல்லை.
பேந்து குத்திப் பார்த்தன். நூற்றுப் பன்னிரண்டு.
கடைசி நாலு நிமிசம் திரும்ப இறங்கினன்.

ஒன்பது கோலால் தோத்தம்.
பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தம்,
வெண்டவையைப் போல.

ஓடின கால்
நித்திரையிலும் சீனி தின்னுமாம்.
இரண்டு மணிக்கு அம்மா
ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு
என்ரை விரலைத் தேடினது கனவு போலக் கிடக்கு.
விடிய எழும்பினால்
தலைமாட்டில் வாழைப்பழத் தோல்.
கொப்பியில் அம்மாவின் கோணல் எழுத்து:
எழுபத்தெட்டு, பழம் ஒண்டு.
மருந்துக்கு நேரே,
விளையாட விடமாட்டன் எண்டு
மூன்று நாள் கதையாமல் இருந்த மனிசி
எழுதி வைச்சிருந்தா:
பந்து.

படலையில் சைக்கிள் மணி.
யதுர்சிகா.
கை நிறைய ரொபி,
வாய்க்குள்ளே ஒண்டு.