ரசமட்டம்

மொண்டேவிடேயோவில், துறைமுகத்துக்குப் பின்னால்,
கம்பளி அலசும் ஆலை ஒன்று
பத்தொன்பது வருடம் பூட்டிக் கிடந்தது.
கூரையில் அத்தி முளைத்திருந்தது.
அந்தத் தெருவில் பாதி வீடுகளின் வாசலைச்
செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள்,
ஆளில்லாத வீட்டில் யாரும் புகுந்துவிடக் கூடாதென்று.
செங்கல்லை அப்படியும் பயன்படுத்தலாம்.

நாங்கள் வாடகை அறைகளில் இருந்தோம்,
ஆறு அறைக்கு ஒரு குழாய்.
முப்பத்திரண்டு குடும்பம் சேர்ந்து சங்கம் வைத்தோம்.
பாத்திரம் கழுவுகிறவர்கள், ஒரு பேருந்து நடத்துநர்,
பல்செட் செய்கிற ஒருவன்.
கரண்டி பிடிக்கத் தெரிந்தவர் யாருமில்லை,
சமையல் கரண்டியைத் தவிர.
நிலமும் கடனும் அரசாங்கத்தினுடையவை.
கை எங்களுடையது:
வீட்டுக்கு வாரம் இருபத்தொரு மணி நேரம்.
கட்டிய வீட்டில் வாழலாம், விற்க முடியாது.

நோட்டு என்னிடம் இருந்தது.
பென்சிலால் எழுதினால் ரப்பர் கேட்பார்கள்,
பேனாவால் எழுதினேன்.

யமாண்டு, சனி, ஐந்து மணி நேரம்.
ஸுல்மா, ஞாயிறு, ஏழரை, மழையிலும்.
எதெல்மா, வரவில்லை.
எதெல்மா, வரவில்லை.
எதெல்மா, மூன்று, தாமதம்.

கூட்டத்தில் எழுந்து நின்று அதை வாசித்தேன்.
மாத்தேக் குடுவையை மடியில் வைத்துவிட்டு
அவள் இரண்டு கையையும் விரித்தாள்.
"ராத்திரி முழுக்க மீன் அறுக்கிறேன். பார்."
கையைப் பார்த்து மணி எழுத முடியாது என்றேன்.
சிலர் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

எந்த வீடு யாருக்கு என்று
கடைசிக் கதவு மாட்டும்வரை தெரியாது.
பிறகுதான் குலுக்கல்.
அதனால் எல்லாச் சுவரும் உன் சுவர்.
அல்லது எதுவுமே உன் சுவர் இல்லை.
அது அன்றைய களைப்பைப் பொறுத்தது.

ஜூலை. கடுங்குளிர்.
ஏழாம் எண் வீட்டின் சமையலறைத் தரை.
மகனுக்குக் காய்ச்சல் என்று
இரண்டு முறை ஆள் வந்து சொல்லிவிட்டது.
ஆற்றுக்காற்று
காலி சிமெண்டுச் சாக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.
ரசமட்டத்தின் குமிழி
கோட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு மயிரிழை தள்ளி நின்றது.
பார்த்தேன்.
பார்க்காதவள் மாதிரி ஓடு பதித்தேன்.
நோட்டில் எழுதினேன்:
நான், நான்கு மணி நேரம்.

குலுக்கலன்று
ஆலையில் மிச்சமிருந்த தகர வாளியில் சீட்டுகள்.
எனக்குப் பதினொன்று, காலை வெயில் விழும் வீடு.
யமாண்டுவுக்கு மேல்மாடி. உயரமென்றால் அவனுக்குப் பயம்,
ஆனாலும் சாவியை முத்தமிட்டான்.
ஏழு என்று கூப்பிட்டார்கள்.
எதெல்மா எழுந்தாள்.

குடிபுகுந்த மூன்றாம் வாரம்
அவளிடம் உப்புக் கடன் கேட்கப் போனேன்.
என் வீட்டில் உப்பு இருந்தது.
அவள் தரை கழுவிக்கொண்டிருந்தாள்.
வாளியைச் சாய்த்தாள்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு தானாகவே
பின்கதவைப் பார்த்து நடந்தது.

"பார்த்தாயா, துடைக்கவே வேண்டாம்.
மற்ற வீடுகளிலெல்லாம் தேங்குகிறதாம்.
எந்தப் புண்ணியவதி போட்டாளோ."

உப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.
அன்றிரவு பழைய நோட்டைத் தேடி எடுத்து
என் பெயருக்கு நேரே இருந்த நான்கை அடித்தேன்.
பேனாதான்.

இப்போது தெருமுனையில்
அடைத்த வாசல் ஒன்றை உடைத்திருக்கிறோம்.
பிள்ளைகள் காப்பகம் வரப்போகிறது.
உடைத்த செங்கல்லில் பாதி தேறும் என்கிறார்கள்,
சுரண்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள் பையன்கள்.
நோட்டு இந்த முறை எதெல்மாவிடம்.

சனிக்கிழமை.
தரையில் முட்டி போட்டிருக்கிறேன்.
முதல் நான்கு மணி நேரத்தை எழுதாதே என்றேன்.
"ஏன்?" என்றாள், தலை நிமிராமல்.

குமிழி இன்னும் நடுவுக்கு வரவில்லை.
கொஞ்சம் பேசாமல் இரு என்றேன்.